கனம் குறையும் இடம்

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பதினேழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தரை மணி. திண்டுக்கல்லில் பேகம்பூருக்குப் பின்புறம், பழைய ரயில்கரையின் மேல் புதிதாகப் போட்ட நடைபாதை. அதில் இரண்டே பேர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் இஃப்பத், பதினாறு வயதுப் பெண். பின்னால் நின்று தள்ளியவள் அவளுடைய தாய் ஹுஸ்னா. மழை வரும்போல் இருந்ததால் வழக்கமாக நடக்க வருகிறவர்கள் வரவில்லை. முன்னால் ஆள் இல்லை... பின்னாலும் ஆள் இல்லை.

பின்னால் ஆள் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சத்யபிரியா இன்று மாலை என்னிடம் ஒன்று கேட்டாள். "டீச்சர், அந்த ரயில் ரோட்டு நடபாதையில எங்க அத்தைய வீல்சேர்ல கூட்டிட்டுப் போகலாமா? ஏத்தம் எறக்கம் இருக்குமா?" சாப்பிட்ட பிறகு சொல்கிறேன் என்றேன். இப்போது மின்சாரமும் போய்விட்டது. நம் குடியிருப்பில் இருக்கிற எல்லாரும் இந்த மாடிப்படித் திருப்பத்தில் நெருங்கி உட்கார்ந்துவிட்டீர்கள். ஜெரின், செல்போன் விளக்கை அணைத்துவிடு. ஒரு விளக்குப் போதும். நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவேன். இடையில் குறுக்கிடக் கூடாது.

எனக்குச் சொன்னவள் ஆரிபா, ஹுஸ்னாவின் அக்காள். நான் வேலை பார்த்த பள்ளியிலேயே கணக்கு ஆசிரியை. எதையும் கூட்டிச் சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. அவள் சொன்னதற்கு மேல் ஒரு சொல்லும் நான் சேர்க்கப்போவதில்லை.

முதலில் பாதை. மீட்டர்கேஜ் ரயில்பாதையை அகலமாக்கியபோது அங்கே இருந்த ஒரு வளைவை நேராக்கினார்கள். வளைந்த பழைய கரை அப்படியே கிடந்துவிட்டது. நெடுங்காலம் சீமைக்கருவேலம் மண்டி, ஆடுகூட ஏறாத இடமாக இருந்தது. பிறகு முள்ளை வெட்டினார்கள், மண்ணைச் சமன் செய்தார்கள், சிமெண்டுக் கல் பாவினார்கள், இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி வைத்தார்கள். கரைமேல் ஏறும் இடத்தில் படிக்கட்டு இல்லை, சாய்தளம்தான். ரயில் செங்குத்தாக ஏறாது அல்லவா? ஆகையால் அந்தக் கரையிலும் மேடு பள்ளம் கிடையாது. மூட்டு வலிக்காரர்கூட மூச்சு வாங்காமல் நடக்கலாம்.

நடுவழியில் பழைய ரயில்வே கேட்டின் இரும்புத் தூண் ஒன்றை மட்டும் பிடுங்காமல், மஞ்சள் அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். பாதை ஒரு மதிற்சுவரில் போய் முடிகிறது. சுவரில் ஒரு சிறு கதவு உண்டு. அதற்கு அப்பால் மையவாடி. பேகம்பூர் மக்கள் இறந்தவர்களை அடக்கம் செய்யும் இடம்.

ரயில் ஓடிய காலத்திலும், அது நின்ற பிறகு முள் மண்டும் வரைக்கும், மையவாடிக்குப் போகும் வழியும் அதுதான். கேட்டைத் தாண்டி, தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் சந்தூக்கைச் சுமந்து போவார்கள். சந்தூக்கு என்பது உடலை வைத்துத் தூக்கும் மரப்பெட்டி. முன்னால் இரண்டு பிடி, பின்னால் இரண்டு பிடி. அதை ஒரே ஆட்கள் கடைசிவரை சுமப்பதில்லை. எதிரே வருகிறவர், கடையில் இருக்கிறவர், இறந்தவரின் பெயர்கூடத் தெரியாதவர்... யாராயினும் ஓடி வந்து சிறிது தூரம் தோள் கொடுப்பார்கள். அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் முன்புற வலப்பிடி. சில அடிகள் நடந்ததும் அதை அடுத்தவருக்கு விட்டுவிட்டுப் பின்புற வலப்பிடி. பிறகு முன்புற இடப்பிடி. கடைசியில் பின்புற இடப்பிடி. அதோடு விலகிக்கொள்வார்கள். பெண்கள் அந்த ஊர்வலத்தில் போவதில்லை. வீட்டு வாசலோடு நின்றுவிடுவார்கள். ஹுஸ்னாவும் அப்படித்தான். சந்தூக்கு தெருமுனை திரும்புவது வரைக்கும்தான் அவளுக்குத் தெரியும்.

ஹுஸ்னாவின் கணவர் அப்துல் ஹக்கீம், தோல் வியாபாரி. அந்த ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில்தான் அவருடைய தோல் கிடங்கு இருந்தது. எவருடைய சந்தூக்கு போனாலும் போட்டது போட்டபடி ஓடி வருவார். சாப்பாட்டுக் கையோடும் ஓடி வந்திருக்கிறார். அவர் சட்டையில் எப்போதும் ஒரு வாடை இருக்கும்... ஆவாரம் பட்டை, சுண்ணாம்பு, ஈரத்தோல் மூன்றும் கலந்தது. "ஹக்கீம் தோள் குடுத்தா மையத்துக்கு அத்தர் வாசம் நிக்காதுப்பா" என்று தெருவில் கேலி செய்வார்கள், மையத்து என்றால் இறந்த உடல். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அடுத்த சந்தூக்குக்கும் முதல் ஆளாக நிற்பார்.

அவர் 2021ஆம் ஆண்டு மே மாதத்தில், தொற்றுக் காலத்தில் இறந்தார். அந்த நாள்கள் எப்படி இருந்தன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உடல் வீட்டுக்கு வரவில்லை. உறையில் வைத்துக் கட்டி, வாகனத்திலேயே மையவாடிக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளை உடுப்புப் போட்ட சில பிள்ளைகள், தெரியாத முகங்கள், கயிற்றில் இறக்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களும் இல்லாவிட்டால் யார் செய்திருப்பார்கள்? சந்தூக்கு பள்ளிவாசல் அறையிலேயே இருந்தது. யாரும் தோள் கொடுக்கவில்லை. கொடுக்க விடவில்லை.

ஹுஸ்னா அழுதபோதெல்லாம் ஒரே வாக்கியம்தான் சொன்னாள் என்று ஆரிபா சொன்னாள்.

"ஊருக்கெல்லாம் தோள் குடுத்த மனுசனுக்கு ஒரு தோள் கெடைக்கலையேக்கா."

அவளுக்கு மிச்சம் இருந்தவள் இஃப்பத் ஒருத்திதான். பிறவியிலேயே கால்களில் வலு இல்லை. வளர வளரக் கைகளிலும் வலு குறைந்தது, பிறகு மூச்சிலும். வாய் மட்டும் குறையவில்லை. தன்னைப் பார்க்க வருகிறவர்கள் பரிதாபமாக நின்றால், "நிக்காதீக, உக்காருங்க. பாருங்க, நான் எம்புட்டு மரியாதையா உக்காந்திருக்கேன்" என்பாள். மருத்துவர் தெளிவாகவே சொல்லிவிட்டார். நோய்க்கு மருந்து இல்லை. சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மனம் தளராமல் பார்த்துக்கொள்ளுங்கள், தினமும் வெளிக்காற்றில் கொண்டுபோங்கள். தெருவில் சாக்கடை மூடிகளும் பைக்குகளுமாக நாற்காலி நகராது. அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பாதை திறந்தது.

இஃப்பத்துக்கு அது பெருநாள் மாதிரி. மாலைத் தொழுகைக்கு முன்பு ஒரு சுற்றுப் போய் வருவதற்காகப் பகலெல்லாம் காத்திருப்பாள். கரைமேல் ஏறினால் ஒரு பக்கம் மலைக்கோட்டை தெரியும், மறுபக்கம் தென்னந்தோப்பு. அவளுக்கு அதற்குமுன் உயரத்திலிருந்து எதையும் பார்க்கக் கிடைத்ததில்லை. அவளைத் தள்ளிக்கொண்டு போய்வருவதற்குள் ஹுஸ்னாவுக்குத் தோள்பட்டை விட்டுப்போகும். இருந்தும் ஒரு நாள்கூட விடமாட்டாள். அந்த ஒரு சுற்றுதான் மகளை இருத்தி வைத்திருக்கிறது என்று நம்பினாள்.

சரி... அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

காற்று நின்றுவிட்டது. சிமெண்டுக் கற்களின் இடுக்குகளில் சக்கரம் ஏறி இறங்கும் சத்தம் மட்டும்... டக்... டக்... டக். மஞ்சள் தூண் வந்தது. வழக்கமாக அங்கே நாற்காலியைத் திருப்பிவிடுவாள். அன்று திருப்பப் போனபோது நாற்காலி தானாக முன்னே நகர்ந்தது.

கைப்பிடியை விட்டுவிட்டோமோ என்று பார்த்தாள். விடவில்லை. இரண்டு கைகளும் பிடித்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் கனம் இல்லை... வெறும் நாற்காலியைத் தள்ளுவதுபோல, அதைவிடவும் லேசாக. கற்களின் மேல் சக்கரச் சத்தமும் இல்லை. 

"அம்மா, என்ன இம்புட்டு வேகம்? ஒனக்கு லைசென்ஸ் இருக்கா?" என்றாள் இஃப்பத்.

ஹுஸ்னா மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். அந்த வாடை வந்துவிட்டது. ஆவாரம் பட்டை... சுண்ணாம்பு... ஈரத்தோல். கிடங்கை விற்றுப் பல வருடம் ஆகிறது. அந்தப் பக்கத்தில் தோல் வேலை செய்கிறவர் யாரும் இப்போது இல்லை.

மதிற்சுவருக்குச் சிறிது தூரம் இருக்கும்போது கனம் திரும்பி வந்தது. ஒரேயடியாக வந்தது, அவள் இடுப்பு மடங்கிவிட்டது. திரும்பி வரும் வழி முழுவதும் எப்போதும்போலக் கனத்தது.

ஜெரின், நீ கேட்கப்போவது தெரியும். சரிவு இருந்திருக்கும், அதுதானே? ஆரிபாவும் அதையேதான் முதலில் கேட்டாள். கணக்கு ஆசிரியை ஆயிற்றே. மறுநாள் காலையில் தனியாகப் போய், தூணுக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்துப் பார்த்தாள். பாட்டில் மெதுவாக உருண்டது... ஊரை நோக்கி. மையவாடிப் பக்கம்தான் நூலளவு உயரம்.

அன்றிலிருந்து ஹுஸ்னா மாறிவிட்டாள். கணவர் இறந்த பிறகு சரியாகத் தலைகூட வாராதவள், மாலையானால் முகம் கழுவி, நல்ல சேலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு புறப்பட்டாள். "அவுக வாராகக்கா. மகளைத் தள்ள நான் படுற பாட்டப் பாத்துட்டு வாராக" என்று ஆரிபாவிடம் சொன்னாள். ஆரிபாவின் கணவர் அப்துல் சுக்கூர் மார்க்கம் படித்தவர். இறந்தவர் திரும்புவதில்லை, அவருக்காக இறைவனிடம் துஆச் செய், வேறு எதையும் நினைத்துக்கொள்ளாதே என்று கண்டிப்பாகச் சொன்னார். ஹுஸ்னா தலையாட்டினாள். மாலையில் புறப்பட்டாள்.

தூணைத் தாண்டினால்தான் கனம் குறையும். ஆகவே தூணோடு திரும்பிக்கொண்டிருந்தவள் தாண்டிப் போகத் தொடங்கினாள். கனம் திரும்பும் இடமும் ஒரே இடமாக இருக்கவில்லை. நாளுக்கு நாள் அது மதிற்சுவரை நெருங்கிக்கொண்டே போனது. அவளுக்கு அதில் சந்தோஷம்தான். இன்னும் செத்த நேரம் அவர் கூட இருக்கிறார் என்று.

டிசம்பர் முடியும் சமயம் ஆரிபாவும் ஒரு மாலை கூடப் போனாள். நாற்காலிக்கு ஒரு பக்கமாக, ஒதுங்கி நடந்தாள். அன்று இஃப்பத் பேச்சுக்குப் பேச்சு மூச்சு வாங்கினாள். ஆனாலும் பெரியம்மாவின் நடையைப் பார்த்து, "என்ன பெரியம்மா, பரிச்ச ஹால்ல நடக்குற மாதிரியே நடக்குறீக. நான் காப்பியா அடிக்கப்போறேன்?" என்றாள்.

தூண் வந்தது. தாண்டினார்கள்.

முதலில் நாற்காலியின் முன்பக்கம்... வலது கைச்சாய்வு... யாரோ கை வைத்ததுபோல லேசாக மேலே எழுந்தது. வலது முன்சக்கரம் கல்லைத் தொடவில்லை. ஆரிபாவின் கண்ணுக்கு அது நன்றாகத் தெரிந்தது. சில அடிகள். அந்தச் சக்கரம் இறங்கியது. உடனே பின்பக்கம், வலது பிடி எழுந்தது. ஹுஸ்னாவின் வலது கை அதோடு சேர்ந்து உயர்ந்தது, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சில அடிகள். பிறகு முன்பக்கம், இடது கைச்சாய்வு. பிறகு பின்பக்கம், இடது பிடி.

திரும்பவும் முன்பக்கம், வலது.

ஆரிபா பிறந்து வளர்ந்த வீடு அந்தக் கேட்டுக்கு நேர் எதிரே இருந்தது. சரக்கு ரயில் கடக்கும்வரை சந்தூக்கை இறக்காமல் நிற்பதையும், கேட் திறந்ததும் ஆள் மாற்றி ஆள் தோள் கொடுப்பதையும் சிறுவயதிலிருந்தே சன்னல் வழியாகப் பார்த்தவள் அவள். தங்கை பிறந்த பிறகு அந்த வீட்டை விட்டு உள்தெருவுக்குக் குடி வந்துவிட்டார்கள். அதனால் அக்காளுக்குத் தெரிந்தது தங்கைக்குத் தெரியவில்லை. வலது முன், வலது பின், இடது முன், இடது பின்... அது நாற்காலி தள்ளுகிற முறை இல்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் ஹுஸ்னா வெஞ்சனம் வதக்க அடுப்படிக்குள் போனாள். ஆரிபா இஃப்பத்தின் காலுக்குப் போர்வை போர்த்தினாள். இனி அந்தப் பக்கம் போக வேண்டாம் கண்ணு, பனி விழுகிறது என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண் பெரியம்மாவையே செத்த நேரம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"நீங்களும் பாத்துட்டீகளா பெரியம்மா? அத்தா தள்ளல. தோள் குடுக்குறாக."

சின்ன வயதில் அத்தாவோடு, அதாவது தகப்பனாரோடு, கிடங்கில் உட்கார்ந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாளாம். உப்புத்தோல் அடுக்கின்மேல் அவளை உட்கார வைத்துவிட்டு அவர் ஓடுவாராம். முதல் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது. காதுக்குப் பக்கத்தில் கலிமா சொல்லிக்கொண்டே வருகிறார் என்றாள். சந்தூக்கோடு நடக்கிறவர்கள் சொல்லுகிற அதே மெல்லிய குரலில்.

ஆரிபா போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தாள். இஃப்பத்தே சொன்னாள்.

"அத்தாவுக்குத்தான் யாரும் குடுக்கல. எனக்காச்சும் அத்தா குடுக்கட்டும். அம்மாட்ட சொல்லிடாதீக பெரியம்மா... அம்மா சிரிச்சு எம்புட்டு நாளாச்சு."



அவள் ஹுஸ்னாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. பனிக்காற்று நெஞ்சுக்கு ஆகாது என்று மருத்துவர் பேரைச் சொல்லி நடையை நிறுத்தி வைத்தாள். நிறுத்தியது நல்லதாக முடியவில்லை. இஃப்பத் சன்னலைப் பார்த்தே படுத்துக் கிடந்தாள். சோறு இறங்கவில்லை. கேலியும் நின்றுவிட்டது. அந்த வீட்டில் அதுவரை கேட்காத அமைதி அது. போனாலும் பயம், போகாவிட்டாலும் பயம். கடைசியில் இஃப்பத்தே தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு தடவம்மா. மலய மட்டும் பாத்துட்டு வந்துருவோம்." ஹுஸ்னாவால் மறுக்க முடியவில்லை. ஆரிபா வீட்டுக்குச் செய்தி சொல்லாமலேயே போனார்கள்.

அந்த மாலை, தூணிலிருந்து மதிற்சுவர்க் கதவு வரைக்கும் கனமே இல்லையாம். கதவுக்கு முன்னால் நாற்காலி தானாக நின்றது. ஹுஸ்னா பிரேக்கைத் தொடவில்லை. கதவு சாத்தியிருந்தது. அந்த இடத்தில் இஃப்பத், தோளின் பக்கம் தலையைச் சாய்த்து, யாருக்கோ பதில் சொல்வதுபோல "சரி அத்தா" என்றாள். அவ்வளவுதான். திரும்பும்போது அவள் தூங்கிவிட்டாள்.

பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் நெஞ்சுச்சளி கண்டது. மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வந்த மறுநாள் காலை, பாங்குச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது மூச்சு அடங்கியது. தாயின் மடியில்தான்.

அன்று தெரு முழுவதும் கடையடைத்துவிட்டு வந்தது. ஹக்கீமுக்குக் கொடுக்க முடியாமல் போனவர்கள் எல்லாரும் அவர் மகளுக்குக் கொடுக்க வந்தார்கள் என்றாள் ஆரிபா. சந்தூக்கை அந்தப் பாதை வழியாகவே கொண்டுபோனார்கள். கேட் தூண் இருக்கும் இடத்தில் முன்புற வலப்பிடிக்கு அப்துல் சுக்கூர் போனார். ஆம், இறந்தவர் திரும்புவதில்லை என்று கண்டித்த அதே மனிதர்.

தோளை அடியில் கொடுத்தார். மரம் தோளில் உட்காரவில்லை.

மற்றவர்களைவிடத் தாம் குட்டையோ என்று நினைத்து நிமிர்ந்தார். அப்போதும் உட்காரவில்லை. தோளுக்கும் மரத்துக்கும் இடையே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி... நான்கு பிடிக்கும் அப்படியே. சுமந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கையை மட்டும் பிடியில் வைத்துக்கொண்டு, கலிமா சொல்லிக்கொண்டே கதவு வரைக்கும் நடந்தார்கள். சுக்கூருக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. ஆனால் ஆவாரம் பட்டை வாடை அடித்தது.

அன்று இரவு மனைவியிடம் ஒரே ஒரு தடவை இதைச் சொன்னார். பிறகு சொன்னதே இல்லை. ஆரிபா கேட்டபோதும் எழுந்து போய்விட்டார்.

நாற்பதாம் நாள் கழிந்த பிறகு ஆரிபா தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நாற்காலி எழுந்து இறங்கிய வரிசை, மகள் சொன்ன வார்த்தை, எதையும் மறைக்கவில்லை. ஹுஸ்னா கத்துவாள், தன்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். ஹுஸ்னா எழுந்து போய், மூலையில் மடக்கி வைத்திருந்த நாற்காலியை விரித்தாள். அதில் உட்கார்ந்தாள்.

"என்னயத் தள்ளிட்டுப் போக்கா" என்றாள்.

ஆரிபா மறுத்தாள். மறுத்தால் அவள் தனியாக, வெறும் நாற்காலியோடு போய்விடுவாளோ என்று பயம் வந்தது. ஆகவே தள்ளிக்கொண்டு போனாள். சித்திரை வெயில் தாழ்ந்த நேரம். தூண் வந்தது. தாண்டினார்கள். நாற்காலி கனத்தது. ஆரிபாவும் சின்ன வயதுக்காரி அல்லள்; நின்று நின்று தள்ளினாள். ஹுஸ்னா இரண்டு கைகளையும் கைச்சாய்விலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிடிக்க வருகிறவருக்கு இடம் விடுகிறாளாம். கதவு வரை போனார்கள். யாரும் வரவில்லை. திரும்பினார்கள்.

மறுநாளும் போனார்கள். அதற்கடுத்த நாளும். பல வாரங்கள். நடக்க வருகிறவர்கள் அவளுக்கும் காலில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு வழிவிட்டார்கள். திரும்பும் வழியில் தினமும் அழுவாள். "மகளத் தூக்கிக் குடுக்க வந்தாகல்ல... எனக்கு ஒரு தடவ வந்தா என்ன? என்னய மறந்துட்டாகக்கா." இதைக் கேட்டுக்கொண்டே ஆரிபா தள்ளுவாள்.

கேளுங்கள். இனிச் சொல்வதை ஆரிபா என்னைத் தவிர வேறு எவரிடமும் சொன்னதில்லை. சத்யபிரியா கேட்ட கேள்வியைச் சொல்லி, இங்கே சொல்லலாமா என்று இன்று போனில் அனுமதி கேட்டேன். சொல், ஆனால் பேச்சு இந்தப் படியை விட்டு இறங்கக் கூடாது என்றாள்.

ஆகஸ்டு மாதம் ஒரு மாலை. மழை பெய்து ஓய்ந்து பாதை ஈரமாக இருந்தது. தூணைத் தாண்டினார்கள். ஹுஸ்னா அன்று அழுது களைத்துக் கண்ணை மூடியிருந்தாள். சளி பிடித்திருந்ததால் அவளுக்கு வாடை எதுவும் தெரியாது.

ஆரிபாவின் கைக்குள் இருந்த கனம்... போய்விட்டது.

சக்கரச் சத்தம் நின்றது. முன்பக்கம், வலது கைச்சாய்வு... மெதுவாக மேலே எழுந்தது. ஈரக்கல்லில் மூன்று சக்கரங்களின் தடம்தான் விழுந்தது.

கூடவே காதருகில் கலிமா சொல்லும் இரண்டு குரல். ஒன்று ஆண்குரல். அதை ஒட்டி, ஒரு சொல் பின்தங்கி, மூச்சு வாங்கிக்கொண்டே... ஒரு பெண்பிள்ளையின் குரல்.

ஆரிபா பிரேக்கைப் போட்டாள். பிடித்த பிடியை விடாமல், உடம்பில் இருந்த அத்தனை பலத்தையும் கொடுத்து நாற்காலியை ஊர்ப்பக்கம் திருப்பினாள். "வேணாம் தம்பி. இவ எனக்கு வேணும்" என்று தங்கை கணவரைப் பார்த்துச் சொல்வதுபோல வாய்க்குள் சொன்னாளாம். முன்சக்கரம் கல்லில் இறங்கும் சத்தம் கேட்டது. டக். கனம் வந்துவிட்டது.

ஹுஸ்னா கண் விழித்து, ஏன் பாதியிலேயே திரும்புகிறோம் என்று கேட்டாள். சக்கரம் சரியில்லை என்றாள் ஆரிபா. ஹுஸ்னா பாதையின் கடைசிவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு முடிவானவை இவை. நாற்காலியின் சக்கரத்தைக் கழற்றி ஆரிபா தன் வீட்டுப் பரணில் வைத்துப் பூட்டிவிட்டாள். ஹுஸ்னாவைக் கீரனூரில் இருக்கும் அவர்களுடைய உடன்பிறந்த தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே தம்பியின் கைக்குழந்தையை அவள் பார்த்துக்கொள்கிறாள். சத்யபிரியா, உன் அத்தையைப் பொறுத்தவரை என் முடிவு இது: தாராளமாகக் கொண்டுபோ, பாதையில் ஏற்ற இறக்கம் கிடையாது, ஆனால் மஞ்சள் தூணோடு திரும்பிவிட வேண்டும், எவ்வளவு லேசாக இருந்தாலும்.

கடைசியாக ஒன்று. வெள்ளிக்கிழமைதோறும் ஹுஸ்னா அக்காளுக்குப் போன் செய்கிறாள். குழந்தையைப் பற்றிப் பேசிவிட்டு, வைப்பதற்கு முன் கேட்கிறாள்: "அந்தப் பக்கம் போனியாக்கா? அவுக வந்தாகளா?"

இல்லை என்று சொல்லிவிடுவதென்று ஆரிபா முடிவு செய்திருக்கிறாள். ஒவ்வொரு வாரமும் அப்படியே சொல்லிவருகிறாள்.